டோப்பாக்காரியின் போர்க்கப்பல்

…இன்னும் ஒரு மயிரிழை இழுக்கலாம், அதற்கு மேல் கூடாது, அதற்கு மேல் இழுத்தால் முன் பாய்மரம் மூக்குப் பக்கம் சாயும், அது சாய்ந்தால் பின்னால் கட்டியிருக்கிற கயிறெல்லாம் விறைத்துப் போகும், அவற்றை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினால் நடுப் பாய்மரம் கோபித்துக்கொள்ளும்… இது கப்பலா, பத்து மருமகள்கள் இருக்கிற வீடா? அவள் மூச்சை அடக்கினாள். இடது கை இடுக்கியில் நூலின் நுனி, வலது கையில் கொக்கி ஊசி, ஒரு சுற்று, சுற்றுக்குள் புகுந்து ஒரு கவ்வல், ஓர் இழுப்பு. முடிச்சு விழுந்ததா? நகத்தால் நூலைச் சுண்டிப் பார்த்தாள், காதருகே கொசு கடந்து போகிற மாதிரி மெல்லிய ஒரு ரீங்காரம். விழுந்தது! இன்னும் இரண்டே கயிறு. சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு மூன்றரை அடி நீளத்துக்கு நின்றது போர்க்கப்பல், பாய்மரம் மூன்று, இரண்டு தளங்களிலும் மேலேயுமாகப் பீரங்கி எழுபத்து நான்கு, விலாவில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, அந்தக் காலத்தில் கடலை உழுத கப்பல் ஒன்றை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தாகிவிட்டது, வந்ததும் சாப்பாட்டு மேசை போயிற்று, புருஷனும் பெண்டாட்டியும் சமையலறை மேடையில் நின்றபடியே சாப்பிடப் பழகிவிட்டார்கள், வருகிற விருந்தாளிகளுக்குத் தட்டு மடியில்தான். மகள் ஒருமுறை ஊரிலிருந்து வந்துவிட்டு, அம்மா, உங்க வீட்ல மனுஷங்களுக்கு இடமே இல்லையா என்று கேட்டாள். இல்லைதான், அதற்கென்ன இப்போது? மனுஷர்கள் எங்கேயும் நின்றுகொள்வார்கள், கப்பல் நிற்குமா?

இரண்டு கயிறு, இரண்டும் முன் மூக்குக்குப் போகிறவை, இருப்பதிலேயே மெலிந்தவை, இருப்பதிலேயே வம்பு பிடித்தவை. இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும், நாளைக் காலையில் கப்பலை ஏற்ற வண்டி வந்துவிடும். ஏன் அப்படிச் சொன்னோம்? காலையில் சங்கத்துச் செயலாளர் போன் செய்தபோது வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார், அவள்தான் எடுத்தாள். மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களின் சங்கம், வருஷக் கண்காட்சி, நூலகத்து மாடிக் கூடத்தில். செயலாளர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், குரலிலேயே வழவழப்பு. “சார் பேருக்கு ஒரு மேசை போட்டிருக்கோம் மேடம், எப்படியும் வராதுன்னு தெரியும், ஒரு மரியாதைக்குக் கேக்கறேன், வேற யாருக்காவது குடுத்துடட்டுமா?” அந்த மரியாதைக்கு என்கிற வார்த்தைதான். அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள், கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பாள். “குடுக்காதீங்க. கப்பல் வரும்.” வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் யோசித்தாள். கப்பல் யாருடையது? அவருடையது. வரும் என்று சொன்னது யார்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று, இன்னும் அவரிடம் மூச்சுக் காட்டவில்லை. அடுத்த அறையில்தான் இருக்கிறார், சாய்வு நாற்காலியில், செய்தித்தாளோடு. தாளைத் திருப்புகிற சத்தத்தையே காணோம். ஒரே பக்கத்தை இவ்வளவு நேரம் படிப்பாரா ஒரு மனுஷன்?

அவர் கை அப்படி ஒரு கையாக இருந்தது. பொதுப்பணி அலுவலகத்தில் வரைபடக்காரர், பாலமும் மதகும் நீர்த்தொட்டியும் அவர் பேனாவில் பிறந்தவை, ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டுவிட்டு ஸ்கேலை வைத்துச் சரிபார்க்கச் சொல்வாராம், சரியாக இருக்குமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கப்பலைத் தொடங்கினார். விலா எலும்பு மாதிரி ஒவ்வொரு சட்டமாக அறுத்தார், உப்புத்தாள் போட்டார், அதன் மேல் பலகைக் கீற்றுகளை நீராவியில் வளைத்து ஒட்டினார், பின்பக்கத்து ஜன்னல்களுக்கு ஒவ்வொன்றாகச் சட்டம் வைத்தார், பீரங்கிகளுக்குச் சக்கரம் வைத்தார், யாருக்கும் தெரியாத உள்தளத்துப் பீரங்கிக்குக்கூட. உடம்பு முடிந்தது, பாய்மரங்கள் ஏறின, கயிறு கட்டுகிற நேரம் வந்தபோது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளரில் தெரிந்தது, பிறகு கையெழுத்தில். வயசானா வர்ற நடுக்கந்தான், ஆபத்து ஒண்ணுமில்ல என்றார் டாக்டர், அவர் கப்பலா கட்டுகிறார், சொல்லுவார். நடுங்குகிற கையோடு பத்துப் பதினைந்து கயிறு கட்டி, போட்டோ எடுத்துச் சங்கத்துக்குக் கொண்டுபோனார், அங்கேதான் டைல்ஸ்காரர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார், சார், கப்பல் காத்துல ஆடுதா, உங்க கையில ஆடுதா? எல்லோரும் சிரித்தார்களாம். “நானும் சிரிச்சேன்” என்று அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார், சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார், பழைய போர்வை ஒன்றை எடுத்து வந்து கப்பலை மூடினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் சங்கத்துக்கும் போகவில்லை, போர்வையையும் தொடவில்லை.

அவள் தொட்டாள். அவர் வெளியே போயிருந்த ஒரு மழை நாளில் போர்வையைத் தூக்கி, அவர் போட்ட முடிச்சுகளைப் பார்த்தாள். நடுக்கம் இருக்கட்டும், முடிச்சே தப்பு! துணிப் பொட்டலம் கட்டுகிற முடிச்சைப் போய்க் கப்பலில் போட்டிருக்கிறார். ஒன்றை அவிழ்த்துக் கட்டினாள், அவிழ்த்தது ஒன்றுதான், பிறகு அதன் பக்கத்தில் இருந்தது அசிங்கமாகத் தெரிந்தது, அதையும் கட்டினாள், அவர் நனைந்துகொண்டு வந்து நின்றபோது கைவசம் ஏழெட்டு முடிச்சு. பார்த்தார். கப்பலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “டீ போடவா?” என்றார், உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் அவர் மேசையில் இருக்கிற வளைகழுத்து விளக்கு கப்பலுக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டு என்று வைத்தாரா? எனக்கினி விளக்கு எதற்கு என்று வைத்தாரா? கேட்கவில்லை, இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை, கரண்டு பில், மகளின் மாமியார், முட்டிவலி, எல்லாவற்றையும் பேசுகிற வாய் இதை மட்டும் பேசவில்லை. ஒவ்வொரு முடிச்சுப் போடும்போதும் அவளுக்கு அவர் கைதான் கண்ணில் நிற்கும், பாவம், அவர் போட வேண்டியது, அவர் ஆசைப்பட்டது, ஆசை ஆசையாகக் கட்டின கப்பல் அரைகுறையாக நிற்கலாமா, அவருக்காகத்தான்… அவருக்காகத்தானே?

அவளுக்கு முடிச்சு புதிதில்லை. டோப்பாக்காரி என்றால்தான் தெருவில் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து டோப்பா கட்டுகிற பட்டறையில்தான் வேலை, மண்டை அளவுக்கு வலை, வலையின் ஒவ்வொரு கண்ணிலும் கொக்கி ஊசியை விட்டு முடியைக் கவ்வி இழுத்து முடிச்சு, ஒரு டோப்பாவுக்கு ஆயிரக்கணக்கில். நாடகக்காரர்கள் வருவார்கள், வழுக்கை விழுந்த மாப்பிள்ளைகள் ராஜா மாதிரி வந்து திருடன் மாதிரி வாங்கிப் போவார்கள், சிகிச்சையில் முடி கொட்டின பெண்கள் வருவார்கள், கண்ணாடியில் ஒரு பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், மறு பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் போவார்கள். ஒன்றும் சொல்லாமல் போனால் நல்ல வேலை என்று அர்த்தம். அது டோப்பா என்று யாருக்கும் தெரியக் கூடாது, முடிச்சு கண்ணில் படக் கூடாது, பட்டால் முதலாளி பிரித்துப் போடச் சொல்வார். அதாவது, இவள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறாளோ அவ்வளவுக்கு இவள் வேலையே செய்யாத மாதிரி இருக்க வேண்டும்… நன்றாக இருக்கிறதே நியாயம்! ஆனால் கப்பலில்? இரண்டு பக்கமும் ஏறுகிற ஏணிக்கயிறுகளைப் பார், சிலந்தி வலை மாதிரி ஒவ்வொரு படியும் ஒரே இடைவெளி, அத்தனை முடிச்சும் வெட்ட வெளிச்சத்தில். முதலில் பட்டறை முடியிலேயே கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தாள், முடி ஈரக் காற்றில் நீளும், வெயிலில் சுருங்கும், அது ஆகாது, பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்து, விரலால் உருட்டி, பிசிறில்லாமல் ஆக்கி… சரி, சரி, அடுத்த கயிறு. நூல் கோத்தாயிற்று, கப்பலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கு மரத்தின் நுனிக்குக் கொண்டுபோயாயிற்று, சின்னக் கப்பியின் துளைக்குள் நுழையமாட்டேன் என்கிறது, எச்சில் தொட்டாள், நுழைந்தது! சுற்று, கவ்வல், இழுப்பு. ரீங்காரம். இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று! அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது, முட்டி இருக்கிற இருப்பில் குதிப்பதாவது, நிமிர்ந்து சோம்பல் மட்டும் முறிக்கலாம் என்று கையைத் தூக்கினாள்…

டக்.

அவ்வளவு சின்னச் சத்தம். குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கையில் ஓர் இழை பிரிந்து தொங்கியிருக்கிறது, அது மூக்கு மரத்தின் நுனியில் மாட்டியிருக்கிறது, கை மேலே போக, மரமும் கூடவே போக, இதோ நுனித் துண்டு தலைகீழாகத் தொங்குகிறது, இப்போது கட்டின கயிறு, அதற்கு முன் கட்டின கயிறு, எல்லாம் சோர்ந்து தொங்குகின்றன. நான்தான், நானேதான், டைல்ஸ்காரர் வேண்டாம், கை நடுக்கம் வேண்டாம், நடுங்காத கையாலேயே முறித்தாயிற்று. வெளியே வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. கப்பல் வரும் என்று சொன்ன வாயை என்ன செய்வது? அடுத்த அறையில் செய்தித்தாள் மடிகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். வருகிறார். போர்வையை எடுத்து மூடிவிடலாமா… சீ, என்ன புத்தி இது.

“ஒடைஞ்சுடுச்சா?” என்றார் அவர், வாசற்படியில் நின்றபடி.

“சட்டை மாட்டிக்கிச்சுங்க… நான் பாக்கலை…”

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். “வெறும் பசை வச்சு ஒட்டிடாதே, நிக்காது. கயிறு இழுக்கற இழுப்புக்கு மறுபடியும் பிச்சுக்கும். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, நடுவுல ஊசி வச்சு ஒட்டணும். கையால திருகற டிரில் மேல் டிராயர்ல இருக்கு, நான் எடுக்கறேன்.” எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. உடைந்த துண்டைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார், பிடித்தார், துண்டு தந்தி அடித்தது, டிரில் நுனி அதைத் தேடிப் போகிறது, அது வேறெங்கோ போகிறது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் எழுந்து போய்த் துணி காயப் போடுகிற கிளிப் ஒன்றை எடுத்து வந்தாள், துண்டை அதில் கவ்வ வைத்தாள், அவர் அந்தக் கிளிப்பை மேசையோடு மேசையாக இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டார், முழங்கையை ஊன்றி, உடம்புக் கனத்தையெல்லாம் கொடுத்து. நடுக்கம் தோளோடு நின்றது. “ம்… இப்ப திருகு. நேரா. நேராம்மா. சாயுது பாரு, இடது பக்கம் ஒரு துளி… அதான்!” அவருடைய கண் அவளுடைய கைக்கு வழி சொன்னது, அந்தக் கண்ணுக்கு நடுக்கம் ஏது, கோணல் என்றால் கோணல்தான். குண்டூசியின் தலையை வெட்டி, உடம்பை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் பசை தொட்டு அழுத்தினாள். ஒட்டின இடம் தெரிகிறதா? தெரியவில்லை. டோப்பாவில் முடிச்சை மறைத்த கை, தெரியுமா பின்னே.

பசை இறுகுகிற வரை காத்திருக்க வேண்டும், வாய் சும்மா இருக்குமா, இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது… “காலையில செயலாளர் போன் பண்ணாருங்க.”

“டைல்ஸ்காரரா?”

“நாளைக்குக் கப்பல் வரும்னு சொல்லிட்டேன்.”

அவர் விளக்கின் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார், பிறகு உயர்த்தினார். “யாரைக் கேட்டுச் சொன்னே?”

“யாரையும் கேக்கலை.” சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, மன்னிப்புக் கேட்கிற தொனி அதில் துளிகூட இல்லை. கோபிக்கட்டும். கோபித்தால் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கோபிக்கட்டும், தீர்ந்து போகும்.

“வாசக்கதவுல போகும்” என்றார் அவர். “போன வாரமே அளந்துட்டேன். மூக்கை முன்னால விட்டு, ஒரு சாய்ப்பு சாய்ச்சுப் புடிச்சா ரெண்டு விரல் இடம் மிச்சம் இருக்கு. நூலகத்து மாடிப்படித் திருப்பத்துலதான் கவனமா இருக்கணும்.”

போன வாரமே! அவள் பட்டறைக்குப் போயிருந்தபோதா, தூங்கியபோதா, ஒரு கையில் அளவு நாடா, நடுங்குகிற இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு… இத்தனை நாளும் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கயிறாக எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கள்ளர், நல்ல கள்ளர். இப்போது அழுதால் கண்ணில் நீர் மறைக்கும், நூல் தெரியாது, அழக் கூடாது, பசை இறுகிவிட்டது, தொட்டுப் பார்த்தாள், இறுகிவிட்டது. கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்தாள். சோர்ந்த கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தாள், பின் கயிற்றில் ஒரு மயிரிழை, முன் கயிற்றில் ஒரு மயிரிழை, அவர் மேசையின் கடைசியில் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாய்மரங்கள் மூன்றும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மறைகின்றனவா என்று பார்த்தார், “கொஞ்சம் பின்னால… இன்னும்… போதும், போதும்!” கடைசிக் கயிறு. கப்பியின் துளை, எச்சில், நுழைந்தது. சுற்று. கவ்வல். இழுக்கிறாள், இதோ இழுக்கிறாள், ஒட்டின மரம் வளைகிறது, முறியவில்லை, நிற்கிறது, குண்டூசி நிற்கிறது, அவர் சொன்னபடியே நிற்கிறது, முடிச்சு விழுந்தது, மிஞ்சின நூலைக் கத்தரித்தாள், நகத்தால் சுண்டினாள், நுனியிலிருந்து உச்சி வரைக்கும், உச்சியிலிருந்து வால் வரைக்கும் கப்பல் முழுவதும் ஒரு நடுக்கம் ஓடி அடங்கின மாதிரி இருந்தது. முடிந்தது! ஒரு கயிறு தொங்கவில்லை, ஒரு முடிச்சு கோணலில்லை, எழுபத்து நான்கு பீரங்கியோடும் வா பார்க்கலாம் என்று நிற்கிறது, நாளைக்கு அந்த டைல்ஸ்காரர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தலைகீழாக நின்று தேடட்டும், ஆடுகிறதா என்று கேட்கட்டும், கேட்கட்டுமே! அவள் கப்பலைச் சுற்றி வந்தாள், இன்னொரு தடவை சுற்றி வந்தாள், பட்டத்து ராணி நகர்வலம் போகிற மாதிரி, முட்டிவலியா, யாருக்கு?

அவர் வளைகழுத்து விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், வெளிச்சம் சுவரெல்லாம் ஆடிற்று, பாய்மர நிழல்கள் கூரைவரைக்கும் ஏறி ஏறி இறங்கின. ரொம்ப நேரம் பார்த்தார். “கோடு போட்ட மாதிரி இருக்கு” என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர் அகராதியில் இல்லை என்று அவளுக்குத் தெரியும், முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியிருக்கிறாள். காது குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில்தான் சொன்னாள், “உங்க கை மட்டும் நல்லா இருந்திருந்தா நீங்களே இதை…”

“நானா?” அவர் சிரிக்க ஆரம்பித்தார். “சும்மா இரும்மா. எனக்குக் கயிறுன்னாலே ஆகாது. உடம்பு முடிஞ்ச அன்னிக்கே எனக்குக் கப்பல் முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல இந்த நூலு, முடிச்சு, சிக்கு… நினைச்சாலே அலுப்பு. கை நடுங்க ஆரம்பிச்சுதா, உண்மையைச் சொல்றேன், அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு சாக்கு கிடைச்சுதுல்ல!”

“அப்ப அன்னிக்கு டைல்ஸ்காரர் சொன்னது? எல்லாரும் சிரிச்சாங்கன்னு…”

“சிரிச்சாங்க. ரெண்டு நாள் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் மறந்துட்டேன்.”

மறந்துவிட்டாராம். இரண்டு நாளில். அப்படியானால் அந்தப் பாவமெல்லாம்? ஒவ்வொரு முடிச்சிலும் அவர் கையை நினைத்து நினைத்து உருகினதெல்லாம்? இந்த மனுஷன் இரண்டு வருஷமாக நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்! கோபம் வர வேண்டும், வரும் என்று காத்திருந்து பார்த்தாள், வரவில்லை, வயிற்றுக்கடியிலிருந்து சிரிப்புத்தான் வந்தது, அவளும் சிரித்தாள், இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள், நடுவில் போர்க்கப்பல் அசையாமல் நின்றது. சிரித்து ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார், “ஆமா, நானும் கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு நீ எதுக்குப் போர்வையை எடுத்தே?”

“தூசி தட்டலாம்னுதான்” என்றாள் அவள், யோசிக்காமலே, எப்போதும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பதில்.

“மூடி வச்ச கப்பல்ல ஏதும்மா தூசி?” என்றபடி அவர் சமையலறைக்குப் போய்விட்டார், தண்ணீர் பிடிக்கிற சத்தம், டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுக்கிற சத்தம். ஏது தூசி? இல்லைதான், போர்வையைத் தூக்கியபோது மஞ்சளும் கறுப்புமாகப் பளிச்சென்று இருந்தது, இப்போது நினைத்தாலும் கண்ணில் நிற்கிறது. துடைக்கிற துணி இருந்ததா கையில்? அது எங்கே வைத்தோம், எந்தக் கையில்… அன்றைக்கு வெளியே மழை, அவர் இல்லை, வீடு அமைதியாக இருந்தது, அவள் பட்டறைப் பையைத் திறந்தாள், பிறகுதான் கப்பலிடம் வந்தாள், போர்வையின் ஓரத்தை இடது கையால் தூக்கினாள், ஏனென்றால் வலது கையில்… துணி இல்லை. கொக்கி ஊசி இருந்தது.